கொழுப்புணவும் மூளையின் மரபணுக்களும்

உடற்பருமனைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "எங்கள் குடும்பத்து வாகு அப்படி, என் செய்வது?" என்று கூறி அமைதியுறுவோர் நம்மிடையே பலர். பிறப்போடு வந்தது மாறாது என்பது அவர்தம் கருத்து. அதில் ஒரு பாதி உண்மை. மறு பாதி உண்மையன்று. அந்த மறு பாதியை விளக்குவதே இம்மாதக் கட்டுரையின் நோக்கம்.

தாய் தந்தையரிடமிருந்து நாம் பெறும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. கண்ணிலுள்ள உயிரணுவிலும் கல்லீரலிலுள்ள உயிரணுவிலும் இருப்பது ஒரே தொகுதிதான். எனினும், எல்லா மரபணுக்களும் எல்லா இடத்திலும் எந்நேரமும் தொழில் புரிவதில்லை. நம் சங்க நூலகத்தில் ஆயிரம் நூல்கள் இருப்பினும், எடுத்துப் படிக்கப்படும் நூலே பயன் தருகிறது. ஏனையவை அலமாரியில் உறங்குகின்றன. மரபணுக்களும் அத்தகையனவே. எது விழித்திருக்க வேண்டும், எது உறங்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் காரணங்களுள் நாம் உண்ணும் உணவும் ஒன்று. மூளையும் இதற்கு விலக்கன்று.

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்றொரு சிறு பகுதி உண்டு. அளவில் அது ஒரு வாதுமைப் பருப்பை ஒக்கும். பசியையும் நிறைவையும் அறிந்து நடத்துவது அதுவே. 1994-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் லெப்டின் என்னும் பொருளுக்குரிய மரபணுவைக் கண்டறிந்தனர். உடம்பிலுள்ள கொழுப்புத் திசு லெப்டினைச் சுரந்து, "சேமிப்பு போதும்" என்று மூளைக்குச் செய்தி விடுக்கிறது. செய்தி எட்டியதும், ஹைப்போதலாமஸில் பசியை அடக்கும் பொருளை உண்டாக்கும் மரபணுக்கள் முனைந்து செயற்படுகின்றன. பசியைத் தூண்டும் பொருளுக்கு உரியவை அடங்குகின்றன. நாமும் இலையை விட்டு எழுகின்றோம்.

இவ்வொழுங்கைக் கொழுப்பு மிகுந்த உணவு குலைத்துவிடுகிறது. பிரேசில் நாட்டின் காம்பினாஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் எலிகளுக்கு அத்தகைய உணவைத் தொடர்ந்து கொடுத்துச் சோதித்தனர். ஹைப்போதலாமஸில் அழற்சிக்குரிய மரபணுக்கள் எழுச்சி பெற்றிருந்ததை 2005-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர். புண்பட்ட இடம் சிவந்து கன்றுவதற்கு அடிப்படையான அதே செயல், பசியை ஆளும் இடத்தில் நிகழ்கின்றது என்பது இதன் பொருள். அழற்சி மிக்க இடத்தில் நிறைவுச் செய்தி தெளிவாக எட்டுவதில்லை. 2012-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ஆராய்ச்சி இன்னொன்றைக் காட்டிற்று. எலிகளின் எடை குறிப்பிடத்தக்க அளவில் ஏறுவதற்கு முன்பே, முதல் மூன்று நாட்களுக்குள் இவ்வழற்சி தொடங்கிவிடுகிறது. இடுப்புப் பட்டை இறுகும்வரை தீங்கு ஏதுமில்லை என்று எண்ணியிருப்போர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

பசியோடு இது நிற்கவில்லை, கல்வியையும் தொடுகிறது. நரம்பணுக்கள் தழைக்கவும் தம்முள் புதிய தொடர்பு கொள்ளவும் துணைபுரியும் புரதம் ஒன்று மூளையில் உண்டு. அதனைச் சுருக்கமாகப் பி.டி.என்.எஃப். என்பர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 2002-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், நிறைவுற்ற கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவை இரண்டு திங்கள் உண்ட எலிகளின் மூளையில், நினைவுக்குரிய பகுதியில் இப்புரதத்திற்கான மரபணுவின் செயல் குறைந்திருந்தது. வழி கற்கும் திறனிலும் அவ்வெலிகள் பின்தங்கின.

தாயின் உணவு சேயையும் சாரும். பிலடெல்பியா நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கருவுற்ற காலத்தும் பாலூட்டிய காலத்தும் கொழுப்பு மிகுந்த உணவை உண்ட சுண்டெலிகளின் குட்டிகள், வளர்ந்த பின் இனிப்பையும் கொழுப்பையும் மிகுதியாக விரும்பின. அவற்றின் மூளையில் சுவையின்பத்திற்குரிய மரபணுக்கள் சிலவற்றின் மீது அமரும் மெத்தில் என்னும் சிறு வேதிக்கூறுகள் குறைந்திருந்தன. அம்மரபணுக்களின் செயலும் மாறியிருந்தது. கருவுற்றவள் இருவருக்காக உண்ண வேண்டும் என்று நெய்யும் இனிப்பும் திணிக்கும் உறவினர் இதனை எண்ணிப் பார்ப்பாராக. பொறுப்பு அப்பெண் ஒருத்தியுடையதன்று. பரிமாறும் கைகள் அனைத்திற்கும் அதில் பங்குண்டு.

எலிக்கு நேர்ந்ததெல்லாம் மனிதர்க்கும் அவ்வாறே நேரும் என்று துணிந்து கூறுவது அறிவியல் முறையன்று. சோதனையில் எலிகள் உண்ட உணவும் பெரும்பாலும் நாம் நாள்தோறும் உண்பதைவிடக் கொழுப்பு மிக்கது. ஆயினும், பசியை ஆளும் அமைப்பு இரு சாராருக்கும் பெரிதும் ஒத்திருப்பதால், இச்செய்திகளைப் புறந்தள்ளுவதும் அறிவுடைமையாகாது.

கொழுப்பே நஞ்சு என்று கொள்ளுதலும் தவறு. நீர் நீங்கலாக மூளையின் எடையில் பாதிக்கு மேற்பட்டது கொழுப்புப் பொருளேயாம். வளரும் குழந்தைக்குக் கொழுப்பு இன்றியமையாதது. "நெய் சேர்ந்தால்தான் அறிவு வளரும்" என்று பாட்டிமார் கூறுவதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அளவு முக்கியம்; வகையும் முக்கியம். மீனிலும், வடநாட்டில் எளிதிற் கிடைக்கும் அக்ரூட்டிலும், ஆளி விதையிலும் உள்ள ஒமேகா-3 கொழுப்புகள் நலம் பயப்பவை.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்த நம் வீடுகளில் ஒரு புதுமையைக் காணலாம். நம் வடையையும் முறுக்கையும் நாம் கைவிடவில்லை. வந்த இடத்துப் பூரியையும் பராத்தாவையும் கச்சோரியையும் சேர்த்துக்கொண்டோம். தீபாவளிக்கு அதிரசம், ஹோலிக்குக் குஜியா என இரு நாட்டுப் பண்டிகைகளின் எண்ணெய்ச் சட்டியும் நம் அடுப்பில் ஏறுகின்றன. நடையோ குறைந்துவிட்டது. இந்நிலையில், எவ்வளவு உண்டாலும் போதவில்லை என்னும் பிள்ளையைப் "பெருந்தீனிக்காரன்" என்று ஏசுகின்றோம். அவன் மூளைக்கு நிறைவுச் செய்தி எட்டாதிருத்தல் கூடும்; அத்தகைய உணவை அவன் தட்டில் இட்டவர்கள் நாமே. ஏச்சினால் பசி அடங்காது. உணவை மாற்றுவதே வழி.

அளவு எது? ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளில், நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்கு எண்ணெயும் நெய்யும் சேர்த்து 27 கிராம் என்று காட்டப்பட்டுள்ளது. அவ்வாறு உண்ணும் நால்வர் கொண்ட குடும்பத்திற்கு, மாதத்திற்கு ஏறத்தாழ மூன்றேகால் கிலோ ஆகிறது. இல்லத்தரசியரும் கடைக்குச் செல்லும் ஆடவரும் இம்மாத மளிகைக் கணக்கை எடுத்து, எண்ணெய், நெய், வனஸ்பதி, வெண்ணெய் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தல் நன்று. வெளியில் வாங்கி உண்ட பலகாரம் அக்கணக்கில் வாராது என்பதையும் மறத்தலாகாது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. முற்கூறிய லாஸ் ஏஞ்சலிஸ் ஆராய்ச்சியாளர்களே 2004-ஆம் ஆண்டில் வேறொன்றையும் காட்டினர். கொழுப்புணவை உண்டபோதிலும், சக்கரத்தில் நாள்தோறும் ஓடிய எலிகளுக்கு அப்புரதக் குறைவு நேரவில்லை. கற்கும் திறனும் கெடவில்லை. ஆகவே, பெற்ற மரபணுக்களை மாற்ற இயலாதெனினும், அவை செயற்படும் வகையை ஓரளவு மாற்ற இயலும். பிள்ளைகளுக்கு நாம் அளிப்பது குடும்பத்து வாகு மட்டுமன்று, குடும்பத்து வழக்கமுமாம். முன்னது நம் கையில் இல்லை. பின்னது நாள்தோறும் நம் அடுப்பங்கரையில் உருவாகின்றது. மாலையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அரைமணி நேரம் நடந்து வருவதும், சட்டியில் ஊற்றும் எண்ணெயை அளந்து ஊற்றுவதும் எளிய செயல்கள். அவற்றை இம்மாதமே தொடங்குவோமாக.