நார்ச்சத்து பவுடர்: டப்பாவின் பின்பக்கம் என்ன சொல்கிறது?

மறைமலை நகரில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பலருக்கு இந்த வாரம் பகல் ஷிஃப்ட், அடுத்த வாரம் நைட் ஷிஃப்ட். தூக்கமும் சாப்பாடும் நேரம் மாறினால், முதலில் முரண்டு பிடிப்பது வயிறுதான். உடனே மெடிக்கலில் ஒரு நார்ச்சத்து பவுடர். டப்பாவைத் திருப்பினால், வாயில் நுழையாத பெயர்கள்!

பெயர்தான் புதுசு

'சிலியம் ஹஸ்க்' என்பது நம் இசப்கோல் உமி. 'குவார் கம்', அதாவது ஐ.என்.எஸ் 412, கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பசை. 'இனுலின்' பெரும்பாலும் சிக்கரி வேரிலிருந்து வருகிறது. காபித்தூளில் கலக்கும் அதே சிக்கரிதான். அதிகமானால் வாயுவும் வயிற்று உப்புசமும் வரும்.

தெரிந்த பொருளும் வம்பாகலாம்

அமெரிக்காவில் 'கால்-பான் 3000' என்ற எடை குறைப்பு மாத்திரையில் இருந்தது இதே கொத்தவரைப் பசைதான். அது ஊறிப் பெருத்து உணவுக்குழாயை அடைத்ததாகப் புகார்கள் குவிய, 1990-களின் தொடக்கத்தில் அரசு நடவடிக்கை எடுத்தது. பொருளில் விஷம் இல்லை. ஊறும் குணம்தான் பிரச்னை. இசப்கோலுக்கும் இது பொருந்தும். ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். விழுங்கச் சிரமப்படுபவர்கள், குடல் அடைப்பு உள்ளவர்கள் தொடவே கூடாது.

இதைக் கவனியுங்கள்

* 'சென்னா', 'சோனாமுகி' என்றிருந்தால் அது நிலாவாரை. 'டின்னவெல்லி சென்னா' என்று உலகச் சந்தையில் திருநெல்வேலியின் பெயரையே தாங்கி நிற்கும் இலை. இது நார்ச்சத்து அல்ல, குடலைத் தூண்டும் பேதி மருந்து. டாக்டரிடம் கேட்காமல் தினமும் எடுக்கக் கூடாது.
* ஐ.என்.எஸ் 951 என்பது ஆஸ்பர்டேம் இனிப்பு. 'ஃபீனைல்கீட்டோனூரியா' என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆகாது.
* உணவுப் பொருளாக விற்றால், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். ஆயுர்வேத மருந்து என்றால் அதற்குத் தனி உரிமம்.
* நார்ச்சத்து சில மருந்துகள் உடலில் சேர்வதைக் குறைக்கும். தினமும் மாத்திரை எடுப்பவர்கள், எவ்வளவு நேரம் இடைவெளி விட வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது போன்றவை இருந்தால், பவுடரை நம்பி நாள் கடத்த வேண்டாம்.

மற்றவர்கள், டிபன் பாக்ஸில் கொத்தவரங்காய் பொரியல், கொஞ்சம் சுண்டல், கூடவே ஒரு பாட்டில் தண்ணீர் என்று ஆரம்பிக்கலாம். அதற்கு லேபிள் படிக்க வேண்டியதில்லை!