பழைய கம்ப்யூட்டருக்கு யார் வைத்தியர்?

கடிகாரம் நின்றுபோனால் கடிகாரக் கடை இருக்கிறது. சைக்கிள் கெட்டால் தெருக்கோடியில் சைக்கிள் கடை இருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் செய்த கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் எங்கே போவது?

செய்த கம்பெனி கையை விரித்துவிடும். உதிரிச் சாமான்கள் அங்கே இருக்காது.

ஆனாலும், ஆப்பிள்-2 என்ற அமெரிக்க வீட்டுக் கம்ப்யூட்டரை இன்றும் பலர் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். இது எப்படி முடிகிறது?

எட்டு இடங்கள்

ஆப்பிள்-2 வெளிவந்த ஆண்டு 1977. அதை வடிவமைத்தவர் ஸ்டீவ் வாஸ்னியாக். பெட்டிக்குள் கார்டு சொருக இரண்டு இடங்கள் போதும் என்றார், கூட்டாளி ஸ்டீவ் ஜாப்ஸ். எட்டு வேண்டும் என்று வாஸ்னியாக் பிடிவாதம் பிடித்தார். எட்டுதான் வென்றது.

கார்டு என்பது சிப்புகள் பதித்த ஒரு பலகை. ஒரு கார்டைச் சொருகினால் கம்ப்யூட்டர் பிரிண்டரில் அச்சடிக்கும். இன்னொன்றைச் சொருகினால் டிஸ்க்கைப் படிக்கும். வேறொன்று அதன் ஞாபக சக்தியைக் கூட்டும்.

ஒளிவு மறைவு இல்லை

1978 ஜனவரியில் அந்தக் கம்பெனி சிவப்பு அட்டை போட்ட ஒரு புத்தகம் தந்தது. அதில் சர்க்யூட் படம் இருந்தது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் புரோகிராமும் வரி வரியாக இருந்தது. அதைப் படித்து, வேறு கம்பெனிகளும் கார்டுகள் செய்தன.

1984-ல் அதே கம்பெனி மெக்கின்டோஷ் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. அதில் கார்டு சொருக இடமே இல்லை. வாங்கியவர் எளிதில் திறக்க முடியாதபடி பெட்டியை மூடிவிட்டார்கள்.

ஆப்பிள்-2 வரிசையின் உற்பத்தி 1993-ல் நின்றது. புத்தகம் நிலைத்தது. இன்று கார்டு பழுதானால் அந்தப் படத்தை விரித்து வைத்துத்தான் பழுதைத் தேடுகிறார்கள்.

நோயைச் சொல்ல வேண்டும்

புத்தகம் மட்டும் போதாது. விஷயம் தெரிந்தவரிடம் கேட்கவும் தெரிய வேண்டும்.

"கார்டு வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொன்னால் யாரால் உதவ முடியும்? எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று சொன்னால்தானே டாக்டர் மருந்து தருவார்!

கம்ப்யூட்டர் எந்த மாடல்? கார்டு எத்தனையாவது இடத்தில் இருக்கிறது? திரையில் என்ன தெரிகிறது? சிப்புகளின் மேல் என்ன எண்கள் இருக்கின்றன? இத்தனையும் எழுத வேண்டும். கார்டின் இரு பக்கமும் படம் எடுத்துக் காட்ட வேண்டும்.

பல சமயம் பழுது சிறியதுதான். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கார்டைக் கழற்றி, அதன் ஓரத்திலுள்ள உலோகப் பட்டைகளைத் துடைத்தாலே சரியாகிவிடும். மின்சாரம் ஓடும்போது கார்டைத் தொடவே கூடாது.

செய்த தவறையும் மறைக்கக் கூடாது. டிஸ்க் வயரை ஒரு முள் தள்ளிச் சொருகினால் டிரைவிலுள்ள சிப் கருகிவிடும். வெட்கப்பட்டு இதைச் சொல்லாவிட்டால், உதவ வந்தவர் நல்ல கார்டில் நாள் கணக்காகப் பழுது தேடுவார்.

இரண்டு கடமைகள்

உதவி பெற்றவருக்கு ஒரு கடமை உண்டு. என்ன செய்ததால் சரியானது என்று நாலு வரி எழுதி வைக்க வேண்டும். பலர் பழுது தீர்ந்ததும் போய்விடுகிறார்கள். அடுத்தவர் அதே இருட்டில் தடவ வேண்டியிருக்கிறது.

கம்பெனிகளுக்கும் கடமை உண்டு. ஒரு சாமானின் விற்பனையை நிறுத்தும்போது, அதன் சர்க்யூட் படத்தை மக்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். கம்ப்யூட்டருக்கு மட்டுமல்ல, மிக்சிக்கும் சலவை இயந்திரத்துக்கும் இது பொருந்தும். காசு கொடுத்து வாங்கியவருக்குப் பழுது பார்க்கும் உரிமையும் வேண்டும்.

தொழிற்சாலைகள் மூடிவிடலாம். எழுதி வைத்த அறிவு இருந்தால், பழைய பொருளும் பிழைக்கும்.