1 லட்சம் கி.மீ. ஓடிய ஸ்போர்ட்ஸ் கார்... வாங்கலாமா? மீட்டர் சொல்லாத கணக்கு இதுதான்!

"எவ்ளோ ஓடிருக்கு?" பழைய கார் வாங்கப் போகும் யாரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஸ்விஃப்ட், ஐ20 மாதிரி கார்களில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்து ஓரளவு முடிவு எடுத்துவிடலாம். ஆனால் போர்ஷே பாக்ஸ்டர், பி.எம்.டபிள்யூ. இசட்4, ஆடி டிடி, ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ். போன்ற கார்களில் அந்த ஒரு நம்பரை மட்டும் நம்பினால் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டியதுதான். "28 ஆயிரம்தான் சார் ஓடிருக்கு" என்று காட்டப்படும் கார், 95 ஆயிரம் ஓடிய காரைவிட அதிகமாகச் செலவு வைப்பது ஒன்றும் அதிசயமில்லை.

ஏன் இப்போ இந்தப் பேச்சு?

டெல்லிதான் காரணம். 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களும், 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வாகனங்களும் டெல்லி சுற்றுவட்டாரத்தில் ஓடக் கூடாது என்ற தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை 2018ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் இப்படிப்பட்ட வண்டிகளுக்கு பங்க்குகளில் பெட்ரோல், டீசல் கிடையாது என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே அது நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்ட் 12ல், வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது.

ஆனால் பயம் பயம்தானே? விதி எப்போது மாறும் என்று தெரியாததால் சொகுசு கார்களையும் ஸ்போர்ட்ஸ் கார்களையும் என்.ஓ.சி. வாங்கி வெளிமாநிலங்களுக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதில் ஒரு பகுதி தமிழ்நாட்டுக்கும் வருகிறது. ஒரு காலத்தில் அரை கோடி ரூபாய்க்கு விற்ற கார், இன்று புது எஸ்.யு.வி. விலைக்குக் கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. காரின் விலைதான் இறங்கியிருக்கிறது. ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்கவில்லை. 15 லட்சத்துக்கு வாங்கினாலும், பராமரிப்புச் செலவு அதன் பழைய ஷோரூம் விலைக்கு ஏற்ற மாதிரிதான் வரும்.

கம்மியா ஓடினா நல்ல காரா?

சாதாரணமாக ஒரு கார் ஆண்டுக்கு 10 ஆயிரம் முதல் 12 ஆயிரம் கி.மீ. ஓடும் என்று யூஸ்டு கார் சந்தையில் ஒரு கணக்கு உண்டு. ஸ்போர்ட்ஸ் கார் பெரும்பாலும் வீட்டில் இரண்டாவது, மூன்றாவது கார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும். அதனால் 14 ஆண்டுக் காரில் 28 ஆயிரம் கி.மீ. என்பது நிஜமாகவே இருக்கலாம். பிரச்னை அங்கேதான் தொடங்குகிறது.

கார் ஓடாவிட்டாலும் அதற்கு வயதாகிறது. ரப்பர் ஹோஸ், ஆயில் சீல், புஷ் எல்லாம் காய்ந்து வெடிக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் வழக்கமாக 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும், எவ்வளவு ஓடியிருந்தாலும் சரி. இன்ஜின் ஆயிலும் "இத்தனை கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது" என்ற கணக்கில்தான் மாற்றப்படுகிறது. "வண்டியே ஓடலை, எதுக்கு சர்வீஸ்?" என்று ஓனர் விட்டிருந்தால், அந்த 28 ஆயிரம் பெருமைப்படும் நம்பர் அல்ல.

ஃபெராரி எஃப்355 இதற்கு உலகப் பிரபலமான உதாரணம். அதன் டைமிங் பெல்ட்டை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டும். அதற்காக இன்ஜினையே வெளியே இறக்க வேண்டும். கார் ஷெட்டில் போர்வை போர்த்திக் கிடந்தாலும் இந்தச் செலவு தப்பாது.

இப்போது எத்தனால் பிரச்னையும் சேர்ந்திருக்கிறது. பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். பழைய கார்களின் ரப்பர் பாகங்கள் அதற்காகத் தயாரிக்கப்பட்டவை அல்ல. சில பழைய வாகனங்களில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் கொஞ்சம் முன்கூட்டியே மாற்ற வேண்டி வரலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் பொருள். அந்தப் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிற்கும் காரின் டேங்க், ஃப்யூல் பம்ப் நிலையைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அது எந்த கிலோமீட்டர்?

சென்னை - பெங்களூரு ஹைவேயில் ஓடிய 300 கிலோமீட்டரும், அண்ணா சாலை டிராஃபிக்கில் ஊர்ந்த 300 கிலோமீட்டரும் மீட்டரில் ஒன்றுதான். இன்ஜினுக்கு ஒன்றல்ல. ஹைவேயில் இன்ஜின் சரியான சூட்டில், சீரான வேகத்தில் ஓடுகிறது. கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் பெரிதாக வேலை இல்லை. இன்ஜின் சூடாகும் முன்பே ஆஃப் செய்யப்படும் 4, 5 கி.மீ. பயணங்கள்தான் அதைத் தின்கின்றன.

இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற டிராக்குகளில் ஓட்டப்பட்ட காராக இருந்தால் கணக்கே வேறு. அங்கே ஒரு நாள் ஓட்டம், ரோட்டில் பல மாத ஓட்டத்துக்குச் சமமான தேய்மானத்தைக் கொடுத்துவிடும். பிரேக் டிஸ்க்கில் மெல்லிய வெப்பக் கீறல்கள், டயரின் வெளி ஓரம் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருப்பது, இதெல்லாம் அடையாளம். "டிராக்குக்கு எடுத்துட்டுப் போனீங்களா?" என்று நேராகவே கேட்டுவிடலாம். சில ஓனர்கள் பெருமையாகவே சொல்லிவிடுவார்கள்!

மீட்டரைத் திருப்பியிருந்தால்?

டிஜிட்டல் மீட்டர் வந்தபிறகு ஏமாற்றுவது கஷ்டமாகியிருக்கும் என்று நினைத்தால் தவறு. டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. போர்ட்டில் கருவியைச் செருகி, சில நிமிடங்களில் நம்பரை மாற்றிவிடுகிறார்கள். அமெரிக்காவில் இது மத்திய சட்டப்படி குற்றம். இருந்தும் அங்கே ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்கும் அதிகமான வாகனங்கள் பொய்யான மீட்டருடன் விற்கப்படுவதாக அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு மதிப்பிடுகிறது. பிரிட்டனில் வண்டி எண்ணைப் போட்டால் ஆண்டுதோறும் நடக்கும் தகுதிச் சோதனையில் பதிவான மீட்டர் கணக்கை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். நம் ஊரில் பரிவாகன் தளத்தில் எத்தனையாவது ஓனர், கடன் பாக்கி, இன்ஷூரன்ஸ் தேதி எல்லாம் தெரியும். மீட்டர் வரலாறு தெரியாது.

ஆனால் காருக்குள்ளேயே இன்னொரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. டேஷ்போர்டில் மாற்றிய நம்பரை மற்ற கம்ப்யூட்டர்களில் மாற்ற மறந்துவிடுவார்கள். பல பி.எம்.டபிள்யூ. மாடல்களில் சாவிக்குள்கூட கி.மீ. பதிவாகும். போர்ஷே இன்னும் ஒரு படி மேல். இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது, சிவப்புக் கோட்டைத் தாண்டி எத்தனை முறை முறுக்கப்பட்டது, கடைசியாக எப்போது என்பதெல்லாம் அதன் இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கும்.

இதில் ஒரு எளிய வகுத்தல் போதும். மீட்டரில் 60 ஆயிரம் கி.மீ., இன்ஜின் ஓடியது 1,500 மணி நேரம் என்றால் சராசரி வேகம் 40 கி.மீ. நம்பும்படி இருக்கிறது. அதுவே மீட்டரில் 30 ஆயிரம், இன்ஜின் நேரம் 2,400 என்றால் சராசரி 12.5 கி.மீ. சைக்கிள் வேகத்திலா ஒருவர் போர்ஷே ஓட்டியிருப்பார்?

ஸ்கேனர் இல்லாமலும் சில விஷயங்கள் கண்ணில் படும். ஸ்போர்ட்ஸ் கார் சீட் தாழ்வானது. ஏறி இறங்கும்போது டிரைவர் சீட்டின் வெளிப்பக்க மேடுதான் முதலில் தேயும். 25 ஆயிரம் ஓடிய காரில் அது கிழிந்து தைக்கப்பட்டிருந்தால், பிரேக் பெடல் ரப்பர் மட்டும் புதிதாக இருந்தால், உஷார். டயரின் பக்கவாட்டில் இருக்கும் 4 இலக்க எண் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019ன் 23வது வாரம். வெள்ளத்தில் நின்ற காரா என்ற சந்தேகம் இருந்தால், சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். கடைசி அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா? 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னையில் இது தேவையான சோதனை.

அப்போ 1 லட்சம் ஓடின காரை வாங்கலாமா?

பில் இருந்தால், தாராளமாக யோசிக்கலாம். 2017ல் சுமார் 25 லட்சம் ஷோரூம் விலையில் வந்த ஆக்டேவியா வி.ஆர்.எஸ்.-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் 6 ஸ்பீடு டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸில் 60 ஆயிரம் கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். 95 ஆயிரம் ஓடிய காரில் அந்த பில் இருந்தால் ஒரு பெரிய கவலை குறைகிறது. 58 ஆயிரம் ஓடிய காரை வாங்கினால் அந்தச் செலவு புது ஓனர் தலையில்தான்.

போர்ஷே பாக்ஸ்டர், 911 கார்களிலும் இதே கதை. 2000களின் தொடக்கத்தில் வந்த மாடல்களில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் உடைந்து இன்ஜினே போன சம்பவங்கள் உண்டு. 2001 முதல் 2005 வரையிலான மாடல்களுக்காக அமெரிக்காவில் வழக்கு நடந்து சமரசத்தில் முடிந்தது. பேரிங் ஏற்கெனவே மாற்றப்பட்ட, அதிகம் ஓடிய கார், பழைய பேரிங்கோடு கம்மியாக ஓடிய காரைவிட நிம்மதி.

பார்க்கப் போகும்போது காரை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பார்க்கலாம். சூடாக இருந்தால் ஏதோ சத்தத்தையோ புகையையோ மறைக்க முன்கூட்டியே ஓட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். விற்பவர் சொல்லும் மெக்கானிக்கிடம் அல்லாமல், வேறு இடத்தில் லிஃப்ட்டில் ஏற்றி, கம்ப்ரெஷன் டெஸ்ட்டும் ஸ்கேனும் செய்ய வேண்டும். இதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் அந்தக் காரை விட்டுவிடுவது நல்லது.

வெளிமாநில கார் என்றால் படிவம் 28ல் என்.ஓ.சி., தமிழ்நாட்டில் மறுபதிவு, இங்கே மீண்டும் சாலை வரி என்று தனிச் செலவு இருக்கிறது. அதையும் கூட்டிப் பார்த்தபிறகுதான் விலை பேச வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தில் அன்றைய மீட்டர் ரீடிங்கையும், "இது உண்மையான ரீடிங்" என்ற ஒரு வரியையும் எழுதி விற்பவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் மோசடி தெரியவந்தால் போலீசிலோ நுகர்வோர் ஆணையத்திலோ கையில் காட்ட அந்தத் தாள் இருக்கும்.