விஷத்தை மட்டும் பிடிக்கும் கூண்டு

மயிலாப்பூர் மாட வீதியானாலும் சரி, தியாகராய நகரின் அடுக்கு மாடியானாலும் சரி, சமையலறைச் சுவரில் நீர் சுத்திகரிக்கும் யந்திரம் தொங்காத வீட்டை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். அது ஒரு குடம் குடிநீர் தருகிறது. அதற்காக இரண்டு மூன்று குடம் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. சிக்கனமான இல்லத்தரசிகள் சிலர் அந்தக் கழிவு நீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கிறார்கள். மற்ற வீடுகளில் அது ஓடிப் போகிறது. 2019-ம் ஆண்டு கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்காகக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்த நகரம் இது என்பது அதற்குள் மறந்து போயிற்று போலும்!

யந்திரத்தின் மீது குற்றமில்லை. நீரைச் சவ்வின் வழியே அழுத்தி, நீரைத் தவிர மற்றவற்றை அநேகமாக முழுவதும் தடுத்து நிறுத்துவதே அதன் தொழில். சுண்ணாம்புச் சத்தும் விஷமும் அதற்கு ஒன்றுதான். ஒரு திருடனைப் பிடிப்பதற்காகத் தெருவிலுள்ள அத்தனை பேரையும் ஊரை விட்டு விரட்டினால் எப்படியிருக்கும்?

திருடனை மட்டும் பிடிக்க வழி உண்டா? நம் இரத்தத்திலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. சிவப்பணுக்களில் இரும்பு அணு, புரதத்தாலான ஒரு சிறு பைக்குள் அமர்ந்திருக்கிறது. நுரையீரலில் பிராணவாயுவைப் பற்றிக் கொள்கிறது. தசைகளில் விட்டு விடுகிறது. பையின் காவல் இல்லாவிட்டால் அந்த இரும்பு வெகு சீக்கிரம் கெட்டு, இந்த வேலைக்கு உதவாமல் போகும். பிடிப்பது உலோகம், எதைப் பிடிக்கலாம், எப்போது விடலாம் என்பதில் பைக்கும் பங்குண்டு. இந்தக் காவலும் பூரணமானதல்ல. கரிப் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு, பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாக அதே இரும்பில் ஒட்டிக் கொள்ளும். மூடிய அறையில் கரியடுப்பு வைத்துத் தூங்குகிறவர்கள் மாண்டு போவது இதனால்தான்.

இந்த வித்தையை ரசாயன விஞ்ஞானிகள் கற்றுக் கொண்டார்கள். நுண்துளைகள் நிறைந்த பிளாஸ்டிக்கைச் செய்து, அதற்குள் உலோகக் கூட்டுப் பொருளைப் பதித்து வைப்பது அவர்கள் முறை. அமெரிக்காவின் கான்ஸாஸ் சர்வகலாசாலையினர் கோபால்ட்டை இவ்வாறு பதித்து, நைட்ரிக் ஆக்ஸைடு வாயுவைத் தேர்ந்து பிடித்துத் திரும்ப விடும் பொருளை 2001-ல் வெளியிட்டார்கள்.

அந்த வம்சத்துக்கு நெருங்கிய உறவான ஒன்று, ஏழை வீட்டுக்கும் எட்டக் கூடியது, அடையாற்றின் பக்கத்திலேயே பிறந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தி. பிரதீப்பும் அவர் குழுவினரும், இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோஸான் என்ற பொருளைக் கூண்டாக்கி, அதனுள் துருவின் இனத்தைச் சேர்ந்த இரும்புத் துகள்களை மிக நுண்ணியதாகச் சிறை வைத்தார்கள். கூண்டு இல்லாவிட்டால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்துச் சக்தி இழக்கும், நீரோடும் போய்விடும். கூண்டுக்குள் இருக்கும் இரும்போ, ஓடி வரும் நீரிலுள்ள ஆர்சனிக் பாஷாணத்தைப் பற்றிக் கொள்கிறது. சாதாரண உப்புக்கள் பெரும்பாலும் தம் வழியே போகின்றன. மின்சாரம் வேண்டாம், கழிவு நீரும் இல்லை. 'அம்ரித்' என்று இதற்குப் பெயர். 2022-ல் வியட்நாமின் வின்ஃபியூச்சர் பரிசு ஒன்று பிரதீப்பைத் தேடி வந்தது.

காலராவுக்குப் பயந்து குளத்து நீரைக் கைவிட்டுக் குழாய்க் கிணறு தோண்டிய வங்காளத்து ஜனங்களுக்கு, அந்தக் கிணற்றிலேயே பாஷாணம் காத்திருந்தது. ஒரு லிட்டரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல், அதாவது ஒரு கிராமில் லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல், கூடாது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். கண்ணுக்கும் நாக்கும் தெரியாத இந்த அளவுக்காக நீர் முழுவதையும் சல்லடை போடுவது என்ன நியாயம்?

கூண்டிலும் குறை உண்டு. ஆர்சனிக்கை ஒத்த பாஸ்பேட் சில சமயம் அதன் இடத்தில் உட்கார்ந்து கொள்ளும். இடம் நிரம்பிய துகள்களை மாற்ற வேண்டும். விஷத்தோடு இருக்கும் பழைய துகள்களைக் குப்பைத் தொட்டியில் போட்டு விடக் கூடாது. கடலோரக் கிணற்றில் உப்புக் கரித்தால் இது உதவாது; அங்கே சவ்வு யந்திரமே கதி.

சென்னையில் ஆர்சனிக் பெரும் பிரச்னையல்ல. ஆனால் நீரில் இருப்பது இன்னதென்று தெரிந்து அதற்கேற்ற மருந்து தேடும் முறை இங்கும் வேண்டியதே. வாளியில் துரு படியும் நீர் என்றால், காற்றுப் படவிட்டு மணலில் வடிகட்டினாலே பெரும்பகுதி தீர்ந்து விடும். கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைந்த இடங்களில் சவ்வு யந்திரத்தைத் தடை செய்ய வேண்டுமென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் சொல்லியிருக்கிறது. தம் வீட்டு நீரில் அது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? விற்க வந்தவர் ஒரு கருவியை டம்ளரில் நனைத்துக் காட்டிய எண்தான் பலருக்கு வேதவாக்கு. அந்தக் கருவி மொத்த உப்பைச் சொல்லுமே தவிர, பாஷாணம் இருக்கிறதா என்று சொல்லாது.

குடிநீர் வாரியத்தார் ஒவ்வொரு வட்டாரத்து நீரின் பரிசோதனை முடிவையும் ரேஷன் கடை வாசலில் தமிழில் எழுதி ஒட்டலாம். அடுக்கு மாடிச் சங்கங்களுக்கும் இதில் பொறுப்புண்டு. சுவருக்கு வர்ணம் பூச வசூலிக்கும் பணத்தில் சிறு பகுதி ஒதுக்கினால், கிணற்று நீரை ஆண்டுக்கு இருமுறை, சித்திரை வெயிலில் ஒன்றும் கார்த்திகை மழைக்குப் பின் ஒன்றுமாக, முறையான ஆராய்ச்சிசாலைக்கு அனுப்பிவிடலாம். யந்திரம் வாங்குவதா வேண்டாமா என்பதை அந்தக் காகிதம் வந்த பிறகு பேசட்டும்.