ஐந்து தோட்டா என்னும் இல்லாத சட்டம்

இந்தியாவில் ரைஃபிளின் மேகசினில், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியில், ஐந்து தோட்டாவுக்கு மேல் போனால் குற்றம் என்றொரு நம்பிக்கை பரவலாக உண்டு. சிலர் பத்து என்பார்கள். எண்ணில்தான் தகராறு, வரம்பு இருப்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆனால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலும் சரி, துப்பாக்கிகளை வகைபிரிக்கும் 2016ஆம் ஆண்டு விதிகளின் முதல் அட்டவணையிலும் சரி, அப்படி ஓர் எண்ணே கிடையாது.

மேகசின் என்ற சொல் சட்டத்தில் வராமல் இல்லை. தடைசெய்யப்பட்ட ஆயுதம் எது என்று 2ஆம் பிரிவு சொல்லும் இடத்தில் வருகிறது. விசையிலிருந்து விரலை எடுக்கும் வரையோ, மேகசின் காலியாகும் வரையோ ஓயாமல் சுடும் துப்பாக்கி தடைசெய்யப்பட்டது. அந்த மேகசினில் மூன்று இருந்ததா, முப்பது இருந்ததா என்று சட்டம் கேட்பதில்லை.

வரம்பு உண்டு என்பதற்கு வெளிநாட்டுச் செய்திகளைச் சான்று காட்டுவது வழக்கம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1994 முதல் 2004 வரை பத்துத் தோட்டா வரம்பு வைத்திருந்தது. கலிஃபோர்னியாவிலும் பத்துதான் வரம்பு. கனடாவில் பெரும்பாலான அரைத்தானியங்கி (விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும்) ரைஃபிள்களுக்கு ஐந்து. கிறைஸ்ட்சர்ச் படுகொலைக்குப் பின் 2019இல் நியூசிலாந்தும் சட்டத்தை இறுக்கியது. இவை எல்லாம் உண்மை. இந்தியாவுக்கு எதுவும் பொருந்தாது. அரைத்தானியங்கி ரைஃபிளைப் பரவலாகக் குடிமக்கள் கையில் விட்ட நாட்டுக்குத்தான் அதன் மேகசினை அளக்க வேண்டிய தேவை வரும்.

அடுத்த சான்று உள்நாட்டுச் சரக்கு: இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை தயாரிக்கும் .315 ரைஃபிள். அதன் மேகசின் ஐந்து தோட்டாதான் கொள்ளும். உரிமத்துடன் ரைஃபிள் வைத்திருப்பவர்களில் பலரிடம் இருப்பது இதுவே என்பதால், ஐந்துதான் சட்டம் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. ஐந்து என்பது தொழிற்சாலையின் வடிவமைப்பு, அவ்வளவுதான். சட்டத்தின் கைரேகை அந்தத் துப்பாக்கியில் வேறோர் இடத்தில் இருக்கிறது: அதன் குழல் விட்டத்தில். ராணுவத்தின் பழைய .303 லீ-என்ஃபீல்டின் உடன்பிறப்பு என்றே இதைச் சொல்லலாம். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் வெற்றுக்கூடு தெறித்து விழும்; முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். இரண்டிலும் இயக்கம் ஒன்றே. ஆனால் .303 ராணுவத் தோட்டா. அதைச் சுடக்கூடிய ரைஃபிள் தடைசெய்யப்பட்ட வகையில் சேர்கிறது. ராணுவத் தோட்டா உள்ளே ஏறாத .315 அனுமதிக்கப்பட்ட வகையில் நிற்கிறது. .303இன் மேகசின் பத்துத் தோட்டா கொள்ளும் என்பதற்கும் தடைக்கும் தொடர்பு இல்லை. அதில் ஐந்தே போட்டாலும் தடை தடைதான்.

'அரைத்தானியங்கியாக இருந்தாலும் சின்ன மேகசின் மாட்டிக்கொண்டால் பிரச்சினை இல்லை' என்ற வாதத்துக்கும் இதே பதில். .22 ரிம்ஃபயர் ரைஃபிள், கைத்துப்பாக்கி போன்ற விலக்குகளைத் தவிர்த்தால், அரைத்தானியங்கி என்பதே தடைக்குப் போதுமான காரணம். மேகசினைப் பார்த்துத் துப்பாக்கியை எடைபோடுவது, ஜரிகையைப் பார்க்காமல் அட்டைப்பெட்டியைப் பார்த்துக் காஞ்சிப் பட்டுக்கு விலை சொல்வதைப் போன்றது. தவறாக எடைபோட்டால் விலையும் பெரிது: தடைசெய்யப்பட்ட ஆயுதம் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பின், குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை.

உரிமத்தில் தோட்டா எண்ணிக்கை எழுதியிருக்கிறதே என்பார்கள். எழுதியிருக்கிறது. ஒரே சமயத்தில் எத்தனை வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்பதற்கான கணக்கு அது. வீட்டு அலமாரியில் இருக்கும் பெட்டிக்கான வரம்பைத் துப்பாக்கிக்குள் இருக்கும் பெட்டிக்கான வரம்பாகப் படிப்பதால் வரும் குழப்பம் இது. துப்பாக்கிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு: மூன்றாக இருந்தது 2019இல் இரண்டாகக் குறைந்தது.

வரம்பு இல்லை என்றதும் எதிர்ப்பக்கம் சாய்பவர்களும் உண்டு: மேகசின் வெறும் தகரப் பெட்டி, யாரும் வாங்கி வைக்கலாம் என்று. அதுவும் தவறு. ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களையும் சட்டம் சேர்த்தே வரையறுத்திருக்கிறது.

காஞ்சிபுரம் போன்ற ஊரில் இந்தச் சர்ச்சைக்கு நடைமுறையில் பெரிய இடமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வங்கி வாசல் காவலாளியின் தோளில் வழக்கமாகத் தொங்கும் 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு மேகசினே கிடையாது. குழலுக்கு ஒன்றாக இரண்டு தோட்டா, தீர்ந்தது. பயிர்க் காவலுக்கு வைத்திருக்கும், குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கும் அது இல்லை. இந்த வட்டாரத்தில் துப்பாக்கி உரிமத்தைத் தொடும் தனி வரம்பு ஒன்று உண்டென்றால், அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவில் இருக்கிறது. 2019இல் மாவட்டம் பிரியும் வரை காஞ்சிபுரத்துக்குள் இருந்த வேடந்தாங்கலைப் போன்ற சரணாலயத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் புதிய உரிமம் வழங்க, தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன்னிசைவு வேண்டும். அங்கே பார்க்கப்படுவது தூரம், தோட்டா எண்ணிக்கை அல்ல.