சேவை மையத்துக்குப் போகிறவளை ஊர் மறிக்கக் கூடாது

காட்டூரிலும் பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களிலும் மீன் விற்றும், கையால் இறால் தடவிப் பிடித்தும், கருவாடு காயவைத்தும் பிழைக்கிற பெண்கள் சேர்ந்து இந்த அறிக்கையை வெளியிடுகிறோம். வீட்டில் அடிபடும் பெண் திருவள்ளூர் மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையத்துக்குப் போகலாமா, கூடாதா என்று ஊரில் பேச்சு நடக்கிறது. போகலாம் என்பது எங்கள் நிலைப்பாடு. போகிறவளைத் தடுப்பதும், போய்வந்தவளை ஒதுக்கிவைப்பதும் தவறு என்று அதோடு சேர்த்தே சொல்கிறோம்.

மையத்தைப் பற்றி எங்கள் காதில் அதிகம் விழுவது, "அது குடும்பத்தைப் பிரிக்கிற இடம்" என்ற பேச்சு. கெட்ட எண்ணத்தோடு இதைச் சொல்பவர்கள் குறைவு. மகளுடைய வாழ்க்கை போய்விடுமே என்று நடுங்குகிற தாய்மார்களும் இதையேதான் சொல்கிறார்கள். அவர்களுக்காக, அங்கே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம். நிர்பயா நிதியிலிருந்து 2015 ஏப்ரல் 1 முதல் நடக்கும் மத்திய அரசுத் திட்டம் இது. காயத்துக்கு வைத்தியம், போலீஸில் புகார் கொடுக்க உதவி, வக்கீல் ஆலோசனை, மனம் விட்டுப் பேச ஓர் ஆலோசகர், ராத்தங்க இடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் காசில்லாமல் கிடைக்க வேண்டும் என்பதே திட்டம். வழக்குப் போடுவதா, கணவரை வரவழைத்துப் பேசுவதா, ஒன்றும் வேண்டாம், இன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினால் போதும் என்பதா? முடிவெடுக்க வேண்டியவள் வந்த பெண். நாங்கள் பார்த்தவரையில், அடிபட்டதும் யாரும் நேரே மையத்துக்கு ஓடுவதில்லை. அண்ணன் வீடு, பெரியம்மா வீடு, கணவர் வீட்டுப் பெரியவர்கள் என்று எல்லாக் கதவையும் தட்டி, எல்லாரும் "பொறுத்துப் போ" என்று திருப்பி அனுப்பிய பிறகுதான் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழுத்துகிறாள்.

அந்தப் பொறுமையின் கணக்கு அரசிடமே இருக்கிறது. 2019–21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுவரையுள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். இந்திய அளவில் அது 29. உடல்வழியாகவோ பாலியல்வழியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களில், நாடு முழுவதும் சேர்த்து, உதவி கேட்டவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான். 77 பேர் உதவியும் கேட்கவில்லை, வெளியே ஒருவரிடம்கூட வாய்திறக்கவும் இல்லை. அதே ஆய்வில், நாடு முழுவதும், சொல்லாமல் வெளியே போனது, சமையல் சரியில்லாதது, மாமியார் மாமனாரை மதிக்காதது போன்ற காரணங்களில் ஒன்றுக்காவது கணவன் அடிக்கலாம் என்று சொன்ன பெண்கள் நூற்றுக்கு 45 பேர். சொன்னவர்கள் பெண்கள். ஆகவே ஊரின் கருத்து ஊர்வாயோடு நிற்பதில்லை. அடிபட்டவளின் மனசுக்குள்ளும் அது போய் உட்கார்ந்து, "நம்ம மேலயும் தப்பு இருக்கும்" என்று பேசுகிறது. மையம் எவ்வளவு நன்றாக நடந்தாலும், ஊர் வாய் மாறாதவரை அவள் அதன் வாசலுக்கு வரமாட்டாள்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையில் 2001 முதல் குடும்ப வன்முறைக்கு எதிராக வேலை செய்யும் பி.சி.வி.சி. அமைப்பு, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவிலும் பெண்களோடு நிற்கிறது. அந்த வார்டில் கிடக்கும் பெண்களில் பலருக்கும் ஒரு காலத்தில் யாரோ பொறுமையைத்தான் புத்தியாகச் சொல்லியிருப்பார்கள்.

ஊர்ப் பஞ்சாயத்தை நாங்கள் மதிக்கிறோம். ஏரியில் எந்தக் குப்பம் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்ற பாடு முறையை இத்தனை தலைமுறையாகக் காத்துவந்தது அதுதான். முகத்துவாரம் தூர்ந்தாலும், துறைமுகம் வந்து கரையைக் கேட்டாலும் முதலில் கூடுவது அதுதான். ஆனால் பஞ்சாயத்தில் உட்காருவது தலைக்கட்டு; தலைக்கட்டு என்றால் ஆண்கள். அடிபட்டவள் தன் வழக்கில் ஓரமாக நின்று கேட்கிறாள். அவளுக்காக அப்பாவோ அண்ணனோ பேசுகிறார்கள். கடைசியில் கணவர் பெரியவர்கள் காலில் விழுகிறார், தண்டம் கட்டுகிறார், அந்தப் பணம் ஊர்ப் பொதுவில் சேர்கிறது. பல் உடைந்தவளின் கையில் வைத்தியச் செலவுக்குக்கூட ஒன்றும் வருவதில்லை. அன்றைக்கு ராத்திரியே அதே வீட்டுக்கு அவள் திரும்பிப் போகிறாள், ஊரைக் கூட்டி மானத்தை வாங்கியவள் என்ற பழியோடு. பாடுத் தகராறைத் தீர்க்கிற சபை இதையும் தீர்க்கும் என்ற நம்பிக்கை எங்களுக்கு இல்லை. பெண்கள் சரிசமமாக உட்கார்ந்து பேசும் பஞ்சாயத்து வந்தால் அப்போது பேசுவோம். அதுவரை, அடியும் காயமும் உள்ள விஷயத்தில் பஞ்சாயத்துத் தீர்ப்பு மையத்துக்கும் சட்டத்துக்கும் மாற்றாக முடியாது.

"புருஷனை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டால் யார் ஏரிக்குப் போவது?" இந்தக் கேள்வி நியாயமானது, ஏனென்றால் அடுப்பு எரிவது அந்த வருமானத்தில். 2006 அக்டோபர் 26 முதல் அமலில் உள்ள குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தில், கணவரைச் சிறைக்கு அனுப்பாமலே கேட்டுப் பெறக்கூடியவை நிறைய இருக்கின்றன. அடிக்கக் கூடாது, கிட்டே வரக் கூடாது என்று உத்தரவு வாங்கலாம். வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது என்று வாங்கலாம். பிள்ளைகளுக்கும் சேர்த்துச் செலவுப் பணம் கேட்கலாம். உத்தரவை மீறினால்தான் ஓராண்டுவரை சிறையோ 20,000 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ. வீடு மாமியார் பேரில் இருக்கிறது, உனக்கு உரிமை இல்லை என்று சொல்லி விரட்டுவதற்கும் இப்போது வழியில்லை. மாமனார் மாமியாருடைய வீடாக இருந்தாலும், அவள் குடும்பமாக வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைக் கேட்கலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குழுக் கடன் பணத்தையும் மீன் விற்ற காசையும் பிடுங்கிக்கொள்வதும் இந்தச் சட்டத்தில் வன்முறைதான். இதைத் தெரிந்துகொண்ட நாளில் எங்களில் பலர் வெகுநேரம் பேசாமல் இருந்தோம்.

பொய்ப் புகார் கொடுக்கிறார்கள் என்ற பேச்சும் உண்டு. புகார் உண்மையா என்று விசாரித்துச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. மையத்தில் காயத்துக்குக் கட்டுப் போடுவதற்கு முன்னால் அவள் தன்னை நிரூபிக்க வேண்டியதில்லை.

மையத்தின் மேல் எங்களுக்கும் குறை உண்டு, அதை மறைக்கப்போவதில்லை. ஏரிக்கரையிலிருந்து பொன்னேரிக்குப் போகவே கடைசி பஸ்ஸைக் கணக்குப் பார்க்க வேண்டும். அதையும் தாண்டி மாவட்டத் தலைநகர். அடி விழுவது பெரும்பாலும் பஸ் ஓயும் நேரத்தில். திட்டத்தின்படி மையத்தில் தங்கக்கூடியது 5 நாள். அதற்குப் பிறகு காப்பகம், அதற்குப் பிறகு? வளர்ந்த ஆண்பிள்ளையைக் கூடவே தங்கவைக்க விதி இடம் தருவதில்லை. மகனை யாரிடம் விட்டுவிட்டு அவள் போவாள்? இன்னொன்றும் எங்களை உறுத்துகிறது. எத்தனை தம்பதிகளைச் சேர்த்துவைத்தோம் என்று எண்ணிக் காட்டுவதில் அலுவலகங்களுக்கு ஒரு பெருமை. ஊரும் அந்தக் கணக்கைத்தான் கேட்கிறது. சேர்ந்து வாழ்வது அவள் விருப்பமானால் நல்லது. அப்படிச் சேர்ந்தவள் ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறாள் என்று வீடு தேடிப்போய்ப் பார்த்தார்களா என்ற கணக்கே எங்களுக்கு வேண்டும்.

ஊர்ப் பெரியவர்களிடம் நாங்கள் கேட்பது இது. மையத்துக்கோ காவல் நிலையத்துக்கோ போன பெண்ணின் குடும்பத்துக்குத் தண்டம் இல்லை, ஊர் விலக்கு இல்லை என்று கூட்டத்தில் வெளிப்படையாக அறிவியுங்கள். மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது, மையத்தின் ஆலோசகரும் குடும்ப வன்முறைச் சட்டப்படியான பாதுகாப்பு அலுவலரும் வாரத்தில் ஒருநாள் பழவேற்காட்டில் வந்து உட்கார வேண்டும் என்பது. ஆரம்ப சுகாதார நிலையம் அதற்கு நல்ல இடம். அங்கே போகிற பெண்ணை யாரும் எதற்கென்று கேட்பதில்லை. ராத்திரியில் 181ஐ அழைத்தவளைக் கூட்டிப்போகக் குப்பத்துக்கே வண்டி வர வேண்டும். காட்டூர் வட்டாரத்தில் எந்தப் பெண் கூப்பிட்டாலும், எந்தச் சாதி, எந்த மதம், எந்தக் குப்பம் என்று பார்க்காமல், எங்களில் இரண்டு பேர் அவளோடு அந்த வண்டியில் ஏறுவோம்.