மிதியும் மின்விசையும்: காஞ்சித் தறிகளை முன்வைத்து

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரே வீட்டிலிருந்து இருவர் வேலைக்குப் புறப்படுவதைக் காணலாம். மகன் ஒரகடத்துக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ செல்லும் கம்பெனிப் பேருந்துக்காகத் தெருமுனையில் நிற்கிறான். தந்தை வீட்டுக்குள்ளேயே தறிக்குழியில் காலை இறக்கி அமர்கிறார். மகனுடைய ஆலையில் பாரத்தைத் தூக்குவது மின்தூக்கி. அவன் பொத்தானை அழுத்தினால் போதும். அதே பாரத்தை முன்னொரு காலத்தில் சங்கிலிக் கப்பியை இழுத்து இழுத்து மேலேற்றினார்கள். கப்பி போய் மின்தூக்கி வந்ததற்காக எவரும் வருந்தியதாகத் தெரியவில்லை. தந்தையின் தறியிலும் ஒரு பாரம் உண்டு. அதைத் தூக்க ஒரு சிறு மோட்டாரை வைக்கலாம் என்றவுடன் மட்டும் நம் போன்றோருக்கு மரபு நினைவுக்கு வந்துவிடுகிறது. இம்முரணைப் பற்றிச் சிறிது சிந்திக்க வேண்டியிருக்கிறது.

தறியை அருகிருந்து காணாதவர்களுக்காகச் சில சொற்கள். தறியின் தலைக்குமேல் ஜக்கார்டு பெட்டி அமர்ந்திருக்கிறது. துளையிட்ட அட்டைகள் ஒவ்வொன்றாக அதில் திரும்பும்போது, எந்தக் கொக்கிகள் எழவேண்டும் என்பது முடிவாகிறது. எழும் கொக்கிகளோடு பாவு இழைகளும், அவற்றை விறைப்பாக வைத்திருக்கும் சிறு எடைகளும் சேர்ந்து எழுகின்றன. அந்த இடைவெளியில் நாடா ஓடுகிறது. இத்தனையையும் தூக்குவது நெசவாளரின் ஒற்றைக் கால். பூவேலை அடர்த்தியாக ஆக, கொக்கிகள் கூடுகின்றன. கொக்கிகள் கூட, மிதியின் பாரமும் கூடுகிறது. ஆறு கெஜம் என்பது 216 அங்குலம். அங்குலத்துக்கு 50 ஊடை, ஊடைக்கு ஒரு மிதி என்று வைத்துக்கொண்டாலும், ஒரு சேலைக்கு 10,800 முறை அந்தக் கால் இறங்கி ஏறவேண்டும். முழங்காலும் இடுப்பும் இதற்குக் கொடுக்கும் விலை எந்தக் கூலிச்சீட்டிலும் இல்லை.

மின்விசைத் தூக்கி இந்த ஒரு வேலையை மட்டுமே ஏற்கிறது. மோட்டார் பெட்டியைத் தூக்கும்; நாடாவை எறிவதும், பலகையை இழுத்து ஊடையை அடிப்பதும், அறுந்த இழையைக் கண்டு முடிவதும் கையின் வேலையாகவே எஞ்சுகின்றன. காஞ்சியின் தனிச்சிறப்பான கோர்வையை, அதாவது உடலும் கரையும் வெவ்வேறு ஊடையால் நெய்யப்பட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் அந்த நுட்பத்தை, மோட்டார் தொடுவதே இல்லை.

‘பிறகு அது கைத்தறி ஆகுமா?’ என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஜக்கார்டு பெட்டியே காஞ்சியில் பிறந்ததன்று. பிரான்சில் லியோன் நகரத்தில் 1804 அளவில் ழோசப் மரி ஜக்கார் உருவாக்கியது அது. அதற்குமுன் அங்கே பூவேலைத் தறிகளில் கயிறுகளை இழுத்துக் கொடுக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும். பெரும்பாலும் அது ஒரு சிறுவன். காஞ்சியிலோ ‘அடை’ என்னும் பழைய முறை இருந்தது. அதன் இடத்தைத்தான் ஜக்கார்டு பிடித்தது. ஆக, நாம் இன்று மரபு என்று பரிந்து பேசும் மிதியே, நேற்று வந்த இயந்திரத்தின் மிதி. தறியடியில் சிறார் இருந்த கதையும் தொலைதூரத்துக் கதை அன்று. காஞ்சிபுரம் உள்ளிட்ட பட்டு மையங்களில் கொத்தடிமைச் சிறாரின் நிலையை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-இல் அறிக்கையாகவே வெளியிட்டது. அப்போதும் மரபின் பெயரால் மௌனம் காத்தவர்கள் இருந்தார்கள் என்பதை மறந்துவிடலாகாது.

சட்டத்தின் பக்கமும் ஒரு சிக்கல் உண்டு. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறி என்று மட்டுமே சொல்கிறது. பாதி வேலைக்கு விசை வந்தால் என்ன என்பதற்கு அங்கே நேரான விடை இல்லை. நெசவின் ஏதேனும் ஒரு கட்டம் மனித ஆற்றலால் நடந்தாலே கைத்தறி எனக் கொள்ளலாம் என்றொரு திருத்த யோசனை 2012-13-இல் எழுந்தது. கைத்தறி அமைப்புகள் எதிர்த்தன. எதிர்த்தது சரியே. அவ்வளவு அகலமாகக் கதவைத் திறந்தால் விசைத்தறி முழுவதும் உள்ளே வந்துவிடும். அதற்காகக் கதவே கூடாது என்பதும் அறிவுடைமை ஆகாது. நாடாவும் பலகையும் கையில் இருக்கும் வரையில், பெட்டியைத் தூக்குவது எதுவாயினும் அது கைத்தறியே என்று குறுகலாகவும் தெளிவாகவும் எழுதிவைக்கலாம்.

திருவாரூர் ஆழித்தேரைப் பாருங்கள். திருச்சி பெல் நிறுவனத்தார் அதற்கு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தினார்கள். வடம் இன்றும் மக்கள் கையில்தான் இருக்கிறது. தேர் தேராகவே இருக்கிறது. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுவோரின் ஆபத்துதான் குறைந்தது.

நம்முடைய அச்சம் வேறிடத்தில் இருக்கிறது. காஞ்சியில் கூலி சேலைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. ‘மோட்டார் வந்து வேலை இலகுவாகிவிட்டதே’ என்று சொல்லி அந்தக் கூலியில் கைவைத்தால், காலுக்குக் கிடைத்த ஓய்வை வயிறு திருப்பிக் கொடுக்க நேரும். மின்சாரச் செலவு பெரிய தடையாக இருக்க வேண்டியதில்லை. கைத்தறி நெசவாளர்க்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த விலையில்லா மின்சாரத்தைத் தமிழக அரசு 2023-இல் 300 ஆக உயர்த்தியது. தேவைப்படுவது, தூக்கி பொருத்திய தறிக்கும் அதே கூலி என்னும் உறுதி. அதைக் கூட்டுறவுச் சங்கங்கள் முதலில் எழுத்தில் தந்தால், தனியார் முதலாளிகளிடம் கேட்பதற்கும் ஓர் ஆதாரம் கிடைக்கும்.

பட்டை வியந்து எழுதும் நாம், அந்தக் காலைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. மகன் ஏன் தறியில் உட்கார மறுக்கிறான் என்று கட்டுரை எழுதுகிறோம். கூலி ஒரு காரணம். இன்னொரு காரணம், மாலையில் எழுந்து நடக்கத் தடுமாறும் தந்தையைச் சிறுவயது முதல் அவன் பார்த்துக்கொண்டே வளர்ந்தான் என்பது.